முதுகுக்குப் பின்னால் இருக்கிற மலை: ஏற்காட்டுப் 'பாயிண்ட்'டுகளைப் பற்றி ஒரு குறிப்பு

எங்கள் வீடு அடிவாரத்தில். சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் கோரிமேடு தாண்டி, மலை ஏறத் தொடங்கும் முன்னால் செக்போஸ்ட்டில் வண்டியை மெதுவாக்குவார்கள் இல்லையா, அந்த ஊர்தான். அதனால் வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஏற்காட்டைச் சுற்றிக் காட்டுகிற வேலை என் தலையில்தான் விழும். முப்பது வருஷமாக அதைச் செய்துகொண்டிருக்கிறேன். அலுத்ததில்லை. ஆனால் போன மே மாதம் தங்கச்சி குடும்பம் சென்னையிலிருந்து வந்துவிட்டுப் போன பிறகு, நான் இத்தனை வருஷம் எதைக் காட்டிக்கொண்டிருந்தேன் என்ற கேள்வி மண்டைக்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

மாப்பிள்ளை கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பிவிட்டார். 'ஏற்காட்டில் பார்க்க வேண்டிய 15 இடங்கள்.' நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏரி, படகு சவாரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பகோடா பாயிண்ட், கரடிக் குகை, கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில், தாவரவியல் பூங்கா... மேலே பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையில் ஒரு வாடகை வண்டி பிடித்தோம். டிரைவரிடமும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். "மொத்தம் பத்து பாயிண்ட்டுங்க. சாப்பாட்டோட சேத்து நாலு மணி நேரம். பொழுதோட கீழ எறங்கிரலாம்" என்றார். சொன்னபடியே இறக்கியும் விட்டார்.

இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, ஒரு நூலுக்கு விமர்சனம் எழுதுகிற மாதிரி எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஏற்காட்டைப் பற்றி மிக அதிகம் பேர் படிக்கிற எழுத்து இதுதானே? எழுதியவர் பெயர் கிடையாது. ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் வெட்டி ஒட்டி, அதை மூன்றாமவர் வீடியோவாகப் பேசி, கடைசியில் டிரைவர் வாயில் மனப்பாடமாக வந்து நிற்கிறது. ஒருவகையில் வாய்மொழி இலக்கியம்தான்!

முதலில் இதன் முதல் வரி. 'ஏழைகளின் ஊட்டி' என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். இந்தச் சொற்றொடரை நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், ஊட்டிக்குப் போக முடியாதவன் வருகிற இடம் என்பதைத் தாண்டி அதில் இந்த மலையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற ஓர் ஊரை, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற இன்னோர் ஊரின் மலிவுப் பதிப்பாக அறிமுகம் செய்கிறோம். பாறை வேறு, மண் வேறு, காடு வேறு, சனங்கள் வேறு. ஏரி, காடு என்று இரண்டு சொல்லில் தன்னைத் தானே சொல்லிக்கொள்கிற ஊருக்கு இந்த அறிமுகம் தேவையா?

அடுத்தது பெயர்கள். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி சாயங்காலம் வந்து உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பாள் என்று கதை சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, பெயர் ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. இவையெல்லாம் உட்காருகிற இடங்கள். மலையில் உட்கார நேரம் இருந்தவர்கள் வைத்த பெயர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் என்பார்கள். அதன்பின் எஸ்டேட்டுகள், பங்களாக்கள், தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள் என்று வந்தன. அந்த வாழ்க்கையின் சாயங்கால நேரம்தான் இன்றைக்கு நம்முடைய சுற்றுலா வரைபடம்.

பகோடா பாயிண்ட் இன்னும் வேடிக்கை. கல்லை அடுக்கி வைத்த குவியல்கள் அங்கே உண்டு. இங்கிலீஷ்காரர்கள் நம் ஊர்க் கோயில்களை 'பகோடா' என்றுதான் எழுதினார்கள். மதராஸில் புழங்கிய வராகன் காசுக்கும் அவர்கள் வைத்த பெயர் அதுவே. இப்போது அந்தப் பெயர் நம் வாயில் 'பக்கோடா பாயிண்ட்' ஆகிவிட்டது. அங்கே பஜ்ஜி போடுகிற அக்காவிடம் தங்கச்சி மகள், "பக்கோடா இல்லையா?" என்று நிஜமாகவே ஏமாற்றத்தோடு கேட்டாள். "பேருதான் பாப்பா பக்கோடா, இங்க மொளகா பஜ்ஜிதான்" என்றார் அந்த அக்கா. நல்ல பதில். பட்டியலில் உள்ள பாதிப் பெயர்களுக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்.

சரி, பெயர் கிடக்கட்டும். என்னுடைய முக்கியமான குறை வேறு. 'பாயிண்ட்' என்ற பெயரோடும் 'சீட்' என்ற பெயரோடும் உள்ள இடங்களுக்குப் போய் நின்று, உங்கள் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வெளியே, கீழே. லேடீஸ் சீட்டில் நின்றால் வளைந்து வளைந்து ஏறிவரும் ரோடும், சேலம் நகரமும், வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் பக்கமும் தெரியும். பகோடா பாயிண்ட்டிலும் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் சமவெளியும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மலைக்கு வந்து, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, நாம் கிளம்பி வந்த ஊரையே பார்க்கிறோம். லேடீஸ் சீட்டிலிருந்து தெரிகிற புள்ளிகளில் ஒன்று எங்கள் வீடு. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் நான் சொந்தக்காரர்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

இதை எனக்கு முதலில் உணர்த்தியது அப்பா. அவர் பல வருஷம் அடிவாரத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் ஏறி எஸ்டேட் வேலைக்குப் போய் வந்தவர். லேடீஸ் சீட்டை அவர் பார்த்ததே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒருநாள் கூட்டிப்போனேன். ஒரு நிமிஷம் கீழே பார்த்தார். "சேலந்தான தெரியுது" என்றார். பிறகு திரும்பி நின்றுகொண்டார். எதிர்ச்சரிவில் வரிசையாக நின்ற சில்வர் ஓக் மரங்களைக் காட்டி, "அதெல்லாம் எங்க செட்டு ஆளுங்க நட்டதுடா. நடறப்ப என் முழங்கால் ஒசரம்" என்றார். அங்கே கூட்டமாக நின்றவர்களில் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருத்தர்தான். அந்த மரங்கள் காப்பிச் செடிக்கு நிழலுக்காக நிற்பவை, அவற்றில் ஏறியிருப்பது மிளகுக் கொடி, கீழே பழம் பறிக்கிற மாதங்கள் மழைக்காலத்தின் கடைசியும் அதையடுத்த குளிர்காலமும், இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் 'பசுமையான காப்பித் தோட்டங்கள்' என்று ஒரு வரி இருக்கும். அதில் ஆள் இருக்க மாட்டார்கள்.

பட்டியலின் இன்னொரு கோளாறு, அது ஒன்றாக இருப்பதைத் துண்டு துண்டாக வெட்டுவது. ஏரி ஒரு பாயிண்ட். கிளியூர் அருவி இன்னொரு பாயிண்ட். ஏரி நிரம்பி வழிகிற உபரித் தண்ணீர்தான் 300 அடி விழுந்து கிளியூர் அருவி ஆகிறது. இரண்டும் ஒரே தண்ணீர். இதை யாரும் சொல்லாததால், மே மாதத்தில் வந்து அருவி வறண்டு கிடக்கிறதே என்று மாப்பிள்ளை கோபப்பட்டார். ஏரியை நாம்தானே காலையில் பார்த்தோம், அது வழிந்துகொண்டா இருந்தது? அதைவிட முக்கியம், ஏரிக்கரையில் தூக்கி எறிகிற தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் கவரும் மழை வந்தால் எங்கே போய்ச் சேரும் என்பது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை. தடை இருக்கிறது, குப்பையும் இருக்கிறது. ஏரியும் அருவியும் ஒன்று என்று தெரிந்த ஒரு பையன் கொஞ்சம் யோசிப்பான் என்று நம்புகிறேன். தனித்தனிப் பாயிண்ட் என்று கற்ற பையன் யோசிக்க வழியே இல்லை.

இந்த இடத்தில்தான் சேர்வராயன் கோயில். பட்டியலில் 'மலையின் மிக உயரமான இடம், குகைக் கோயில், நல்ல காற்று' என்று முடிந்துவிடும். 1,600 மீட்டருக்கு மேலே, குனிந்து போகிற இருட்டுக் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். மலையும் ஆறும். குகை காவேரி வரைக்கும் போகிறது என்பது மலைச்சனங்களின் நம்பிக்கை. கேட்டதும் மாப்பிள்ளை சிரித்தார். நானும் பல வருஷம் சிரித்தவன்தான். ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சேலம் நகருக்குள் நாம் சாக்கடை ஆக்கி வைத்திருக்கிற திருமணிமுத்தாறு இந்த மலையில் பிறந்து காவேரியில் சேர்கிறது. சரபங்கா நதியும் அப்படியே. மலையிலிருந்து காவேரிக்கு வழி இருக்கிறது என்பது சரிதான். சுரங்கமாக இல்லை, ஓடையாக இருக்கிறது. நான் பார்த்த எந்தப் பட்டியலும் சொல்லாத நீரியல் அந்தக் குகைக்குள் இரண்டு சாமியாக உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கோயிலுக்கு உரிய சனங்கள் மலையாளிகள். "கேரளாவுல இருந்து வந்தவங்களா மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார். இல்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களுடைய பழங்கதை சொல்கிறது. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று இந்தத் தொடர் முழுக்க அவர்கள் ஊர்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. அரசு நடத்துகிற கோடை விழா மே மாதம். பூக்காட்சி, படகுப்போட்டி, பாட்டுக் கச்சேரி. சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாத வாக்கில்தான். மலைக் கிராமங்களெல்லாம் கூடும். ஒரே மலை, ஒரே மாதம், இரண்டு விழா. பட்டியலில் ஒன்றுக்குத் தேதியும் நேரமும் போடுகிறார்கள். இன்னொன்று பெரும்பாலும் வருவதே இல்லை.

மலையின் மேல்பகுதியில் இன்னொரு கதையும் இருக்கிறது. இங்கே கிடைத்த பாக்சைட், மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்குப் போனது. கொல்லிமலையிலிருந்தும் போனது. மலையின் தலையைச் சுரண்டி எடுத்த மண்தான் பல வீட்டுச் சமையலறையில் பாத்திரமாக இருந்திருக்கும். கீழே பார்த்தாலும் அதேதான். லேடீஸ் சீட்டிலிருந்து வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற மேடுகளை "அது என்ன, உப்பளமா?" என்று தங்கச்சி மகள் கேட்டாள். வெள்ளைக்கல், மேக்னசைட். இரும்பு உருக்குகிற உலைக்குள் வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய உதவுவது. அப்பால் தனியாக நிற்பது கஞ்சமலை, இரும்புத் தாது உள்ள மலை. கீழே பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டால்கூட, அந்தக் காட்சியை வாசித்துச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. 'மனதை மயக்கும் காட்சி' என்று எழுதுகிறவருக்கு மயங்கிய பிறகு என்ன தெரிந்தது என்று சொல்ல நேரமில்லை.

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்காக ஒன்று. நம் ஆய்வு நண்பர்கள் ஏற்காட்டுக்கு வந்தால் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குக் கூட்டிப்போவேன். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு தொடங்கிய தேதி என்று அந்த நாளைச் சொல்வார்கள். ஃபூட் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது ஏற்காட்டில். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர், 'தினவர்த்தமானி' நடத்தியவர், ஆறாயிரத்துக்கும் மேலான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874-இல் வெளியிட்டவர். அவர் 1882-இல் காலமானதும் ஏற்காட்டில்தான். நாவலரோடு உட்கார்ந்து வேலை செய்த ஒருவரின் கடைசி மூச்சு இந்த மலையில் நின்றது என்பது எனக்குப் பெரிய செய்தி. மாப்பிள்ளைக்குப் பெரிய செய்தி இல்லை. அது அவர் குற்றமும் இல்லை.

இங்கே எனக்கே நான் ஒரு எச்சரிக்கை சொல்லிக்கொள்ள வேண்டும். படித்தவன் சுற்றுலாக்காரனைக் கிண்டல் செய்வது சுலபம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் எண்ணி வைத்த பணம், இரண்டு குழந்தைகள், பஸ்ஸில் வாந்தி, அப்படி வருகிற குடும்பத்துக்குப் பட்டியல் ஒரு உதவி. எதையும் விட்டுவிடவில்லை என்ற நிம்மதியை அது தருகிறது. உயரத்தில் நின்று தன் ஊரைச் சிறிதாகப் பார்க்கிற சந்தோஷமும் பொய்யில்லை. தங்கச்சி மகள் எங்கள் வீட்டுத் திசையைக் கண்டுபிடித்துக் கத்தியபோது எனக்கும் மனசு நிறைந்தது. பாயிண்ட்டுகளை மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் இப்போது புதுசாக ஒன்று கிளம்பியிருக்கிறது. 'யாரும் பார்க்காத ஏற்காடு', 'மறைந்து கிடக்கும் கிராமங்கள்' என்று. இது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. மலையாளிக் குடியிருப்பைப் பதினாறாவது பாயிண்ட் ஆக்குவது தீர்வு இல்லை. அவர்கள் வீட்டு வாசல் யாருடைய வ்யூ பாயிண்ட்டும் அல்ல. முன்னே அவர்கள் பட்டியலில் இல்லாமல் இருந்தார்கள். இனி பார்க்கப்படும் பொருளாக இருப்பார்கள். இரண்டுமே ஒரே பார்வைதான்.

என்ன செய்யலாம்? இருக்கிற இடங்களையே சரியாகச் சொல்லலாம். அதற்கு முன்மாதிரி ஏற்காட்டிலேயே இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம். அங்கே தூரத்தில் பார்க்க எதுவும் இல்லை. குனிந்து, கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். செடிக்குப் பெயர்ப்பலகை உண்டு. பூச்சி பிடிக்கிற குடுவைச் செடி முன்னால் குழந்தைகள் வேறெங்கேயும் நிற்காத அளவு நேரம் நின்றன. 'வெர்னோனியா ஷெவராயென்சிஸ்' என்று இந்த மலையின் பெயரையே தாங்கிய மரம் ஒன்று உண்டு என்று நான் சொன்னதும், "அப்ப அது நம்ம ஊரு மரமா மாமா?" என்றாள் பெரியவள். அந்த ஒரு கேள்வி, பத்துப் பாயிண்ட்டில் எங்கேயும் வரவில்லை.

ஏரிக்கரையில் ஒரு பலகை: இந்தத் தண்ணீர் வழிந்து எங்கே போகிறது. லேடீஸ் சீட்டில் ஒரு பலகை: எதிரே தெரிவது எது எது, திரும்பினால் தெரிவது எது, யார் நட்டது. சேர்வராயன் கோயில் அருகே ஒரு பலகை: இது யார் கோயில், விழா எப்போது, எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும். அதை எழுதுகிற வேலையை மலைச்சனங்களிடமே கொடுக்க வேண்டும். செலவு ஒன்றும் பெரிதாகாது. மலர்க்கண்காட்சியில் ஒரு நாளைக்கு வைக்கிற அலங்கார வளைவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. எத்தனை வண்டியை ஒரு மலை தாங்கும் என்ற கேள்வி முதல்தடவையாக வெளிப்படையாகக் கேட்கப்பட்டது. அந்த உத்தரவில் ஏற்காடு இல்லை. 'ஏழைகளின் ஊட்டி'க்கு ஊட்டியின் நெரிசல் மட்டும் வரும், ஊட்டிக்குக் கிடைக்கிற கவனம் வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விடுமுறை நாளில் எங்கள் செக்போஸ்ட்டில் நிற்கிற வண்டி வரிசையை வாசலில் உட்கார்ந்தே பார்க்கிறேன். அத்தனை பேரும் அந்தப் பதினைந்து இடத்துக்குத்தான் போகிறார்கள்.

அடுத்த விருந்தாளி தீபாவளி லீவில் வருகிறார். மழைக்காலம், ஏரி வழியும். காலையில் ஏரி, அங்கிருந்து அந்தத் தண்ணீர் போகிற வழியைச் சொல்லிக்கொண்டே கிளியூர், மத்தியானம் சேர்வராயன் கோயில், கடைசியில் லேடீஸ் சீட் என்று வைத்திருக்கிறேன். நாலே இடம். லேடீஸ் சீட்டில் எங்கள் வீட்டையும் காட்டுவேன், விட மாட்டேன். அதன் பிறகு அப்பா செய்த மாதிரி ஒரு தடவை திரும்பி நிற்கச் சொல்வேன்.